அமிக்கோ வருமா, வராதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய டிவி கேம் பைத்தியங்கள் ஒரு சிறு கூட்டமாக இருக்கிறோம். கெட்டுப்போன ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துச் சரிசெய்வது, கேசட் பின்னைத் துடைப்பது, யார் வீட்டுப் பரணில் எது கிடக்கிறது என்று துப்பறிவது, இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. சில வருடமாக எங்களிடம் ஓயாமல் வரும் கேள்வி இன்டெலிவிஷன் அமிக்கோ பற்றியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். முன்பே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பெட்டி மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்பதைக் காரணத்தோடு சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமிக்கோ என்றால் என்ன?

முதலில் இன்டெலிவிஷன். அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் (ஆமாம், பார்பி பொம்மை செய்கிற அதே மேட்டல்தான்) 1979-ல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் சோதனையாக விற்றுப் பார்த்து, 1980-ல் நாடு முழுக்கக் கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி அது. அட்டாரி 2600-க்கு நேர்ப் போட்டி. அந்தக் காலத்திலேயே உள்ளே 16 பிட் சிப். கையில் பிடிக்கும் ரிமோட்டில் தொலைபேசியில் இருப்பது மாதிரி 12 பட்டன், அதன்மேல் கேமுக்குக் கேம் மாற்றிச் செருகுகிற பிளாஸ்டிக் அட்டை, கீழே கட்டைவிரலால் அழுத்தும் வட்டத் தகடு. முப்பது லட்சம் பெட்டிக்கு மேல் விற்றது. 1984-ல் மேட்டல் அந்தத் தொழிலை விட்டது. உரிமை வேறு கைக்குப் போய், 1990 வாக்கில் தயாரிப்பு நின்றது.

அந்தப் பெயரை 2018-ல் மறுபடி தூக்கிப் பிடித்தவர் டாமி டல்லாரிக்கோ. கேம்களுக்கு இசையமைத்துப் பெயர் வாங்கியவர். ‘வீடியோ கேம்ஸ் லைவ்’ என்ற மேடைக் கச்சேரியும் அவருடையதுதான். அந்த ஆண்டு அக்டோபரில் அமிக்கோவை அறிவித்தார். குடும்பமாக உட்கார்ந்து ஆடலாம், ரத்தக்களரி கிடையாது, நடுவில் விளம்பரம் கிடையாது, ஆடும்போது காசு கேட்காது, ஒரு கேம் பத்து டாலருக்குள், பெட்டி 150 முதல் 180 டாலருக்குள். கடைக்கு வரும் நாள் 10-10-2020. பத்து, பத்து, இருபது இருபது. தேதியே எண் ஜோசியம் பார்த்துக் குறித்த மாதிரி இருந்தது.

கேட்க நல்ல யோசனைதான். பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடக்கூடிய பெட்டி யாருக்குப் பிடிக்காது? யோசனை மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

இன்டெலிவிஷன் என்ற பெயரையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. இங்கே ஏன் இதைக் கேட்கிறார்கள்?

நியாயமான கேள்வி. 1980-ல் வடசென்னையில் இன்டெலிவிஷன் வைத்திருந்த வீடு இருந்திருந்தால், அந்த வீட்டில் யாரோ கப்பலில் வேலை பார்த்திருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு டிவி கேம் என்றால் தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய எட்டு பிட் பெட்டிதான். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969-ல் தொடங்கிய கடைவரிசை அது. வெளிநாட்டுச் சாமான் எதுவானாலும் அங்கேதான். கஸ்டம்ஸ் ஹவுஸும் அதே ராஜாஜி சாலையில்தான் நிற்கிறது என்பது எங்கள் ஊருக்கே உரிய நகைச்சுவை.

அந்தப் பெட்டி நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல். மஞ்சள் கேசட், மேலே ‘9999 இன் 1’ என்ற ஸ்டிக்கர். உள்ளே இருப்பதோ கைவிரலில் எண்ணிவிடும் அளவு கேம். அதையே பெயரை மாற்றி, கட்டத்தை மாற்றி, உயிரின் எண்ணிக்கையை மாற்றித் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள். மாரியோ, கான்ட்ரா, ரோடு ஃபைட்டர், சர்க்கஸ். வீட்டில் பெட்டி இல்லாதவன் தெருமுனைக் கடையில் காயின் போட்டு முஸ்தபா ஆடினான். கேப்காம் 1993-ல் விட்ட அந்த கேமின் உண்மைப் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்று பல பேருக்கு இன்றும் தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அப்புறம் ஏன் அமிக்கோ பற்றிக் கேட்கிறார்கள்? இரண்டு வகை ஆட்கள். அமெரிக்காவில் அக்காவோ மச்சானோ இருந்து, அவர்கள் மூலம் முன்பணம் கட்டியவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை, யூட்யூபில் விளம்பரம் பார்த்துவிட்டு, ‘பழைய கேமெல்லாம் புதுப் பெட்டியில் வருதாமே’ என்று மாரியோவையும் கான்ட்ராவையும் மனதில் வைத்துக் கேட்பவர்கள். இரண்டாம் வகைக்கு உடனடிப் பதில்: மாரியோ நின்டெண்டோவுடையது, கான்ட்ரா கொனாமியுடையது. அமிக்கோ வந்தாலும் அதில் வராது.

இதுவரை என்னென்ன தேதி சொன்னார்கள்?

10 அக்டோபர் 2020 முதல் தேதி. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் அதை 15 ஏப்ரல் 2021-க்குத் தள்ளினார்கள். அது 10 அக்டோபர் 2021 ஆனது. அதுவும் போய், 2021 முடிவதற்குள் என்றார்கள். அதற்கப்புறம் தேதி சொல்வதையே விட்டுவிட்டார்கள். இதற்கிடையில் விலை 249 டாலராக ஏறியது. 2022 பிப்ரவரியில் டல்லாரிக்கோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஃபில் ஆடம் வந்தார். அதே ஆண்டு ஆட்குறைப்பும் நடந்தது. அறிவித்து ஏழு ஆண்டு தாண்டியும், கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கக்கூடிய பொருளாக அமிக்கோ வரவில்லை.

கொரோனாவும் சிப் தட்டுப்பாடும்தானே காரணம்? அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

பாதி உண்மை. 2020-ல் சீனாவில் தொழிற்சாலைகள் மூடியதும், 2021-ல் சிப் கிடைக்காமல் கார் கம்பெனிகளே முழித்ததும் நமக்குத் தெரியும். எண்ணூர், ஒரகடம் பக்கம் வேலை பார்த்தவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள். ஆறு மாதம், ஏன், ஒரு வருடம் தள்ளிப்போனால்கூட நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

ஆனால் அதே காலத்தில் அதே சிக்கலில் மாட்டிய மற்றவர்களையும் பாருங்கள். அனலாக் பாக்கெட் என்ற கையடக்கப் பெட்டி, பழைய கேம்பாய் கேசட்டை அப்படியே செருகி ஆடலாம். 2019 அக்டோபரில் அறிவித்தார்கள், பலமுறை தள்ளிப் போட்டார்கள், 2021 டிசம்பரில் அனுப்பத் தொடங்கினார்கள். பிளேடேட் என்று ஒன்று, பக்கவாட்டில் சுற்றுகிற கைப்பிடி வைத்தது. 2019-ல் அறிவிப்பு, 2022 ஏப்ரலில் கைக்கு வந்தது. அட்டாரி வி.சி.எஸ். 2017-ல் ‘அட்டாரிபாக்ஸ்’ என்று அறிவிக்கப்பட்டது. 2018-ல், பொதுமக்களிடம் பணம் திரட்டும் இணையதளமான இண்டிகோகோவில் ஏறத்தாழ முப்பது லட்சம் டாலர் திரட்டியது. ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள், நானும்தான். 2020 இறுதியில் பணம் போட்டவர்களுக்குப் போக ஆரம்பித்து, 2021 ஜூனில் கடைக்கே வந்துவிட்டது. நல்ல பெட்டியா என்பது வேறு விஷயம். வந்தது.

சிப் பஞ்சம் எல்லாருக்கும் பொதுவானது. அது 2023-ல் தணிந்த பிறகும் ஒருவர் மட்டும் கிளம்பவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். என் கணக்கில் அது பணம். ஒரு பெட்டி செய்ய பிளாஸ்டிக் அச்சு வெட்ட வேண்டும், சிப்புக்கு மொத்தமாக ஆர்டர் போட வேண்டும், தொழிற்சாலை லைனில் இடம் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பணம். சிறு கம்பெனி ஒவ்வொரு மாதம் தள்ளிப்போகும்போதும் சம்பளம், வாடகை என்று அந்தப் பணம்தான் கரைகிறது. கடைசியில் பெட்டி செய்யக் காசு தேடுவதே முழுநேர வேலையாகிவிடும்.

பெட்டியே வராமல் கேம் மட்டும் விற்றார்களாமே, உண்மையா?

உண்மை. 2021-ல் நடந்தது. அழகான டப்பா, உள்ளே சின்ன அட்டை. அந்த அட்டையைப் பெட்டி மேல் வைத்தால் கேம் இறங்கும் என்பது ஏற்பாடு. மெட்ரோ பயண அட்டையில் இருக்கிற மாதிரியான சிப்தான் அதிலும். எட்டு கேம் சேர்ந்த தொகுப்பு ஏறத்தாழ 150 டாலர். பெட்டி எங்கே என்று கேட்காதீர்கள்.

நான் முழுக்க நம்பிக்கை இழந்தது இந்த இடத்தில்தான். தேதி தள்ளிப்போவதை மன்னிக்கலாம். ஆட இடமில்லாத கேமை விற்பது, அதுவும் மிகவும் விசுவாசமான ரசிகர்களிடமே விற்பது, எனக்குச் செரிக்கவில்லை. வாங்கியவர்கள் தெரிந்தேதான் வாங்கினார்கள் என்று வாதாடுகிறார்கள். இருக்கட்டும். விற்றவர்களுக்கும் தெரியும் அல்லவா?

அப்படியானால் இது ஏமாற்று வேலை என்கிறீர்களா?

இல்லை, அப்படிச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. வேலை செய்கிற மாதிரிகளைக் காட்டினார்கள், கேம்கள் எழுதப்பட்டன, எழுதியவர்களுக்கு முகம் உண்டு. செய்ய நினைத்துச் செய்யமுடியாமல் போவதும், செய்ய முடியாது என்று தெரிந்தே பணம் வாங்குவதும் ஒன்றில்லை. முதலாவது தொழில் நஷ்டம், இரண்டாவது கேஸ். இங்கே நான் பார்ப்பது முதலாவதைத்தான்.

ஆனால் முன்பணம் போட்டவர் கையில் இரண்டு வகையிலும் பெட்டி இல்லை. அவருக்கு இந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்?

இதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. முதல் கதை இன்டெலிவிஷனுடையதேதான்.

1980-ல் மேட்டல் பெட்டியை விற்கும்போதே ஒரு வாக்குறுதி கொடுத்தது: சீக்கிரம் கீபோர்டு இணைப்பு ஒன்று வரும், அதில் இந்தப் பெட்டியைச் செருகினால் முழுக் கம்ப்யூட்டர் ஆகிவிடும். அதை நம்பிப் பலர் பெட்டி வாங்கினார்கள். கீபோர்டு அடுத்த சீசன், அடுத்த சீசன் என்று தள்ளிக்கொண்டே போனது. 1981 கிறிஸ்துமஸுக்கு மேட்டல் ஊழியர்களுக்கு நடந்த விருந்தில் நகைச்சுவை பேச வந்த ஜே லெனோ, உலகத்தின் மூன்று பெரிய பொய்களில் ஒன்றாக ‘கீபோர்டு இந்த வசந்தத்தில் வந்துவிடும்’ என்பதையும் சேர்த்துச் சிரிக்கவைத்தார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். வாங்கியவர்கள் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். 1982-ல் ஆணையம் இறங்கியது: சொன்ன பொருள் கடைக்கு வரும்வரை மாதத்துக்குப் பத்தாயிரம் டாலர் அபராதம். மேட்டல் அவசர அவசரமாக 1983-ல் வேறொரு மலிவான கம்ப்யூட்டர் இணைப்பை வெளியிட்டுக் கணக்கை முடித்தது. சில ஆயிரம் மட்டுமே தயாரான பழைய கீபோர்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மேட்டல் எவ்வளவு பெரிய கம்பெனி! அவர்களாலேயே சொன்ன நேரத்தில் முடியவில்லை. அதே பெயரை நாற்பது வருடம் கழித்து ஒரு சிறு கம்பெனி எடுத்துக்கொண்டு அதே மாதிரி தேதி குறித்தது.

இரண்டாவது கதை கோலெகோ கமீலியன். இது சிரிப்புக் கதை. 2015-ல் ‘ரெட்ரோ வி.ஜி.எஸ்.’ என்ற பெயரில் இண்டிகோகோவில் இருபது லட்சம் டாலர் அளவுக்குக் கேட்டார்கள். அதில் சொற்பம்தான் சேர்ந்தது. உடனே கோலெகோ என்ற பழைய கேம் கம்பெனியின் பெயரை வாடகைக்கு எடுத்து, 2016 பிப்ரவரியில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் ‘இதோ வேலை செய்கிற மாதிரி’ என்று காட்டினார்கள். வெளிக்கூடு அட்டாரி ஜாகுவார் என்ற பழைய கேம் பெட்டியின் அச்சில் வார்த்தது. (அந்த அச்சு நடுவில் சில காலம் பல் டாக்டர்களின் கேமரா செய்யப் பயன்பட்டது. நான் கற்பனை செய்யவில்லை.) பின்பக்க இணைப்புகளைப் படத்தில் உற்றுப் பார்த்த ரசிகர்கள், உள்ளே இருப்பது நின்டெண்டோவின் பழைய சூப்பர் நின்டெண்டோ போர்டு என்றார்கள். அடுத்து, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் கூட்டில் ஒரு போர்டை வைத்துப் படம் போட்டார்கள். அது சி.சி.டி.வி. பதிவுக்குக் கம்ப்யூட்டரில் செருகும் கார்டு என்று சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கோலெகோ பெயரின் உரிமையாளர்கள், நிபுணர் பார்க்க மாதிரியைக் கொடுங்கள் என்றார்கள். அது நடக்கவில்லை. மார்ச்சில் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முடிந்தது.

மூன்றாவது, இங்கிலாந்தின் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் வேகா பிளஸ். ஸ்பெக்ட்ரம் என்ற பழைய கம்ப்யூட்டரின் கேம்களை ஆடுவதற்கான கையடக்கப் பெட்டி. இது சிரிப்பு இல்லை. 2016-ல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். இதற்கு முன் வேகா என்ற பெட்டியைச் சொன்னபடி கொடுத்த அதே கம்பெனி, அதனால் நம்பினார்கள். நிர்வாகிகளுக்குள் சண்டை, தாமதம், 2018-ல் சிலருக்கு மட்டும் அரைகுறையாக ஒரு பெட்டி. ஸ்பெக்ட்ரம் பெயரை வைத்திருந்த ஸ்கை நிறுவனம் உரிமையைப் பிடுங்கியது. 2019-ல் கம்பெனியே மூடப்பட்டது. பெரும்பாலானோருக்குப் பெட்டியும் இல்லை, பணமும் இல்லை. முன்பு ஒழுங்காகச் செய்தவர்கள் இப்போதும் செய்வார்கள் என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

ஃபோனில் அமிக்கோ வந்துவிட்டதே?

‘அமிக்கோ ஹோம்’ என்ற செயலியைச் சொல்கிறீர்கள். 2023 இறுதியில் ஆண்ட்ராய்டில் வந்தது. ஒரு ஃபோனோ டேப்லெட்டோ பெட்டியாக வேலை செய்யும், மற்ற ஃபோன்கள் ரிமோட் ஆகும். கேமைத் தனியாக வாங்க வேண்டும். ஆஸ்ட்ரோஸ்மாஷ் என்ற பழைய இன்டெலிவிஷன் கேமை ஆடிப் பார்க்க ஆசை என்றால் அந்த வழியில் ஆடலாம். பெட்டி இல்லாமலே ஆட முடியும் என்றால் பெட்டி எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களிடமும் இருந்ததாகத் தோன்றவில்லை.

அட்டாரி இன்டெலிவிஷனை வாங்கிவிட்டதாம். இப்போது வந்திருக்கும் ஸ்பிரின்ட் தானே அமிக்கோ?

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2024 மே மாதம் அட்டாரி வாங்கியது இன்டெலிவிஷன் என்ற பெயரையும் 200-க்கு மேற்பட்ட பழைய கேம்களின் உரிமையையும். அமிக்கோ பெட்டி பழைய கம்பெனியிடமே இருந்தது. அவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டு, அட்டாரியின் அனுமதியோடு அமிக்கோ வேலையைத் தொடரலாம் என்பது ஏற்பாடு. நாற்பது வருடப் பகையாளி கையில் பெயர் போய்ச் சேர்ந்ததுதான் இதில் வேடிக்கை. எண்பதுகளில் இன்டெலிவிஷன் விளம்பரமே அட்டாரியின் படத்தைப் பக்கத்தில் வைத்து மட்டம் தட்டுவதுதான்.

2025 அக்டோபரில் அட்டாரி அறிவித்தது இன்டெலிவிஷன் ஸ்பிரின்ட். மரநிறப் பட்டையோடு பழைய பெட்டியின் உருவம், கம்பியில்லாத இரண்டு ரிமோட், அதே பன்னிரண்டு பட்டன், அதே செருகு அட்டை, உள்ளேயே 45 பழைய கேம், 149.99 டாலர், டிசம்பரில் விற்பனை. புதிய கேம், புதிய சந்தை, குடும்பத்தை ஒன்றுசேர்ப்போம் என்ற பேச்சு எதுவும் இல்லை. இருக்கிற கேமைப் போட்டார்கள், இரண்டு மாதத்தில் விற்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு முன்பதிவு திறந்தார்கள்.

அமிக்கோவுக்குப் பணம் கட்டியவர்களுக்கு ஸ்பிரின்ட் கிடைக்காது. இரண்டும் வேறு கணக்கு.

டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லித்தானே வாங்கினார்கள்? பிறகென்ன பயம்?

முதல் பதிப்புக்கு நூறு டாலர் டெபாசிட், வேண்டாம் என்றால் திருப்பித் தருவோம் என்றுதான் விளம்பரம். ஆனால் திருப்பித் தரும் வாக்குறுதிக்கு மதிப்பு, தருகிறவர் கையில் பணம் இருக்கும் வரைதான். நம் தெருவில் தீபாவளிச் சீட்டு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீட்டு பிடித்த அக்கா நல்லவர்தான், வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்தார், வைத்துவிடலாம் என்று நினைத்தார், தீபாவளி வந்துவிட்டது.

இன்னொன்று. ‘பணம் கட்டினேன்’ என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள், அது மூன்று விதம். கடையில் முன்பதிவு செய்தவர் வாடிக்கையாளர். கடை ரத்து செய்தால் பணம் திரும்பும். இண்டிகோகோ, கிக்ஸ்டார்ட்டர் மாதிரி இடத்தில் போட்டவர் ஆதரவாளர். பொருள் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று விதியிலேயே எழுதியிருக்கும். முதலீடு என்று போட்டவர் பங்காளி. கம்பெனி மூழ்கினால் கடைசியில் நிற்பவர் அவர்தான். அமிக்கோவில் முன்பதிவும் இருந்தது, பொதுமக்களிடம் முதலீடு திரட்டியதும் இருந்தது. உங்கள் ரசீதை எடுத்து எது என்று முதலில் பாருங்கள்.

நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதலில் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில், ஆர்டர் எண் போட்டு, தேதி போட்டு. ஃபோனில் பேசியது எதற்கும் உதவாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று உங்கள் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது, கேட்கலாம். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு, மாதக்கணக்கில்தான். 2020-ல் கட்டிய பணத்துக்கு இன்று கேட்டால் வங்கிக்காரர் சிரிப்பார். ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்று அனுப்பிக்கொண்டே இருக்கும் கடிதங்களால் வாங்குபவருக்கு வரும் பெரிய நஷ்டம் இந்தக் கெடு தாண்டிப் போவதுதான்.

இந்தியக் கடையிலோ இந்திய இணைய விற்பனையாளரிடமோ கட்டியிருந்தால் வழி நன்றாகவே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வடசென்னைக்கென்றே தனியாக ஒன்று இருக்கிறது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றில்லை, இணையத்திலும் புகார் போடலாம். அமெரிக்கக் கம்பெனியிடம் நேரடியாகக் கட்டிய நூறு டாலருக்கு இங்கே ஓடுவது, என் கருத்தில், ஆட்டோ செலவுக்குக்கூட ஆகாது.

அப்புறம், ‘என் முன்பதிவு இடத்தை வாங்கிக்கொள்கிறீர்களா’ என்று விற்க வருபவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். நீங்களும் இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்து இதுபோல் ஒன்று அறிவித்தால் எதைப் பார்த்து நம்புவது?

நான் பார்ப்பது முதலில் வீடியோ. தலைவர் பேசுகிற வீடியோவில் எனக்கு ஆர்வம் இல்லை. பெட்டியில் கரன்ட் கொடுத்து, சுவிட்சைப் போட்டு, மெனு வந்து, கேம் ஓடுவது வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காட்டுகிறார்களா? அதுவும் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கையில் கொடுத்துக் காட்டுகிறார்களா? கமீலியன் இந்த இடத்தில்தான் மாட்டியது.

அடுத்தது காகிதம். புளூடூத், வைஃபை உள்ள எந்தப் பெட்டியும் அமெரிக்காவில் விற்க அந்த நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் அனுமதி வேண்டும், அந்தப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அடுத்த மாதம் கடைக்கு வரும் என்று சொல்லும் பெட்டிக்கு அங்கே பதிவே இல்லை என்றால் அடுத்த மாதம் வராது. இந்தியாவில் வீடியோ கேம் பெட்டிக்கு, தரநிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு கட்டாயம். இந்தியாவிலும் விற்போம் என்பவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

பெயர் யாருடையது என்றும் பாருங்கள். இந்தப் பழைய பெயர்கள் எல்லாமே கைமாறிக்கொண்டே இருப்பவை. கோலெகோ, ஸ்பெக்ட்ரம் இரண்டிலும் செய்தவர் ஒருவர், பெயர் வைத்திருந்தவர் வேறொருவர். பெயர்க்காரர் விலகினால் அன்றோடு முடிந்தது. நீங்கள் பணம் போட்டது அந்தப் பெயருக்காகத்தான் என்பதை மறக்க வேண்டாம். பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது யாரும் கேள்விப்படாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

அமெரிக்காவில் இருந்து மச்சான் கொண்டுவரட்டும் என்று ஸ்பிரின்ட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ஆசைக்குத்தான். டிவியில் எச்.டி.எம்.ஐ. இருந்தால் போதும், பழைய காலம் மாதிரி அந்த ஊர் டிவி, இந்த ஊர் டிவி என்ற தொல்லை இல்லை. அடாப்டர் நம் 230 வோல்ட்டுக்குத் தாங்குமா என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டுச் செருகுங்கள். கெட்டுப்போனால் வாரண்டிக்கு மறுபடி மச்சான்தான். கூரியரில் தருவித்தால் வரியும் கூரியர் கட்டணமும் சேர்ந்து பெட்டி விலையோடு போட்டி போடும்.

அதோடு நேர்மையாக யோசித்துப் பாருங்கள். அந்த 45 கேமில் ஒன்றுகூட நாம் சின்ன வயதில் ஆடியது இல்லை. எனக்குப் பழைய இயந்திரம் என்றால் எதுவானாலும் பிடிக்கும், அதனால் எனக்கு ஆசை இருக்கிறது. உங்களுக்குக் கான்ட்ராதான் வேண்டும் என்றால் இது எதற்கு?

ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் பத்தாயிரம் கேம் ஸ்டிக் கிடைக்கிறதே, அது போதாதா?

நிறையப் பேருக்குப் போதும். டிவியின் பின்னால் செருகும் சின்னக் குச்சி, இரண்டு வயர்லெஸ் ரிமோட், பழைய பெட்டிகள் அத்தனையும் உள்ளே. காசு கொடுத்த அன்றே வீட்டுக்கு வந்துவிடும் என்பதில் அமிக்கோவைவிட மேல்.

குறைகளும் தெரிந்திருக்கட்டும். கேம்கள் உரிமம் வாங்காதவை. பட்டனை அழுத்துவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கும். பழகாதவருக்குத் தெரியாது, பழைய பெட்டியில் ஆடிய கைக்கு உடனே தெரியும். உள்ளே வரும் மெமரி கார்டு மட்டம், சில மாதத்தில் போய்விடும். வாங்கியதும் நல்ல கார்டில் நகல் எடுத்து வையுங்கள். எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 9999 இன் 1 பார்த்த ஊர் இது.

முறையாக ஆட வேண்டும் என்பவருக்கும் வழி உண்டு. இன்டெலிவிஷன் கேம்களே எவர்கேட் என்ற பெட்டிக்கு உரிமத்தோடு கேசட்டாக வந்திருக்கின்றன. 2014-ல் ஆட்கேம்ஸ் நிறுவனம் 60 கேம் வைத்து இன்டெலிவிஷன் ஃபிளாஷ்பேக் விட்டது. பழைய சாமான் விற்பவர்களிடம் எப்போதாவது கண்ணில் படும்.

கடைசியாக ஒரே வார்த்தையில்: அமிக்கோ வருமா?

பெட்டியாக, கடையில், எல்லாரும் வாங்கும்படி வராது என்பது என் கணிப்பு. மிச்சம் இருக்கும் பாகங்களை வைத்துச் சிறு எண்ணிக்கையில் யாராவது செய்து சேகரிப்பவர்களுக்கு விற்றால் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி ஒன்று தண்டையார்பேட்டைக்கோ திருவொற்றியூருக்கோ வந்து சேர்ந்தால் எங்களிடம் கொண்டுவாருங்கள், ஆடிப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று இதே கேள்விக்குக் கீழே எழுதுகிறேன். டீ எங்கள் செலவு.